மாருதமும் அதற்கு வாய்க்காத எஞ்சினும்

பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும், விமானம் கட்டும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.-இன் விமான அருங்காட்சியகத்துக்கு அப்பாவை ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோவையில் நாற்பது ஆண்டுகள் லேத் பட்டறை நடத்தி, பம்பு செட்டுகளுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்தவர் அவர். ஒரு துண்டு இரும்பைக் கையில் கொடுத்தால், அதைக் கடைந்தவனின் கை எப்படிப்பட்டது என்பதைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். சென்ற மாதம் ஒரு வேலை நாளில், கூட்டம் இல்லாத காலைப் பொழுதில் அது கைகூடியது.

2001-இல் திறக்கப்பட்ட இந்த இடத்தில், நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லும் புகைப்படக் கூடம் ஒன்று இருக்கிறது. வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் இந்த ஆலையைத் தொடங்கியதும், வி.எம்.காட்கே வடிவமைத்த எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் 1951-இல் முதன்முதலாகப் பறந்ததும் எனக்கு முன்பே தெரிந்த செய்திகள்தாம். அப்பா அந்தப் படங்களை மரியாதையோடு பார்த்தார். ஆனால் அவர் கால்கள் எஞ்சின் கூடத்தை நோக்கியே இழுத்தன.

அங்கே உள்பாகம் தெரியும்படி நெடுக்குவாக்கில் வெட்டி வைத்த எஞ்சின்களைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார். ஆர்ஃபியஸ் என்ற ஜெட் எஞ்சினின் முன்புறம், காற்றை இறுக்கி உள்ளே தள்ளும் கம்ப்ரஸர் பிளேடுகள் வட்டம் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் பிளேடு சிறுத்துக்கொண்டே போகும். காற்று இறுக இறுக அதற்கு வேண்டிய இடம் குறைவதே அதற்குக் காரணம். அப்பா விரலை நீட்டி, தொடாமல், ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஏழு வரிசை இருக்குது கண்ணு. எதிரெதிர் பிளேடு எடை துளி மாறினாலும் ஷாஃப்ட் உதறிப்போயிரும். இதைக் கட்டினவன் சாமானியப்பட்ட ஆளில்ல."

"ஆமாங்கப்பா. பின்னாடி அந்த ஒத்தை வரிசைதாங்க டர்பைன். எரிஞ்ச வாயு அதைச் சுத்தும், அது முன்னாடி இருக்கற ஏழையும் சுத்தும்" என்றேன்.

எரிந்த வாயுவின் முழுச் சூட்டிலும் நின்றபடி சுழலும் அந்த ஒற்றை வரிசையை அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து மாருத் விமானத்தின் அருகில் நின்றபோது, அந்த எஞ்சினைக் காட்டிவிட்டு இதைக் காட்டியது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நம் மொழியிலும் மாருதம் என்றால் காற்றுதான். எச்.எஃப்.-24 மாருத், இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் ஜெட் போர் விமானம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஃபோக்க-வுல்ஃப் 190 என்ற புகழ்பெற்ற விமானத்தை உருவாக்கிய ஜெர்மானியரான கர்ட் டாங்க், அர்ஜென்டினாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, 1956-இல் பெங்களூருக்கு வந்து இந்தியப் பொறியாளர்களோடு சேர்ந்து இதை வரைந்தார். உலோகத்தில் கட்டும் முன், அதே அளவில் மரத்தாலேயே, எஞ்சின் இல்லாத ஒரு கிளைடரைச் செய்து, டகோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்துச் சென்று 1959-இல் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். இதைச் சொன்னபோது அப்பாவின் முகம் மலர்ந்தது. வார்ப்புக்கு முன் மரத்தில் பேட்டர்ன் செய்து பார்க்கும் ஊரிலிருந்து வந்தவருக்கு அது சொந்தக்காரர் வீட்டுச் செய்தி போல இருந்திருக்க வேண்டும். 1961 ஜூன் 17 அன்று, சுரஞ்சன் தாஸ் என்ற சோதனை விமானி மாருத்தை முதன்முதலில் வானில் ஏற்றினார்.

ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் என்பதை மனத்தில் வைத்தே இதன் உடலை வரைந்தார்கள். அதற்கென நம்பியிருந்த, ஆற்றல் கூடிய ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பிரிட்டனில் பாதியிலேயே கைவிட்டார்கள். அதை முடிப்பதற்கான செலவை ஏற்க இந்திய அரசும் முன்வரவில்லை. எகிப்து உருவாக்கிவந்த ஈ-300 எஞ்சினை ஒரு மாருத்தில் பொருத்தி அங்கேயே பறக்கவிட்டுப் பார்த்தார்கள், அதுவும் நிறைவேறவில்லை. கடைசியில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,200 கிலோ தள்ளுவிசை தரும் சாதாரண ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டோடுதான் மாருத் படைக்குச் சென்றது. ஒலியின் வேகத்தைத் தொடுவதே அதற்குப் பெரும்பாடாக இருந்தது. அந்தக் குறையைப் போக்க, வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்துத் தள்ளுவிசையைக் கூட்டும் ஆஃப்டர்பர்னர் பொருத்திய மாதிரியைச் சோதித்தபோதுதான், 1970 ஜனவரி 10 அன்று, சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார்.

மாருத்தைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் அது தரைத் தாக்குதலுக்குச் சென்றது. வான்சண்டையில் எதிரி விமானம் எதுவும் அதை வீழ்த்தவில்லை. தரையிலிருந்து சுடப்பட்டு ஓர் எஞ்சின் செயலிழந்த பிறகும் மற்றொன்றின் துணையால் தளம் திரும்பிய மாருத்துகள் உண்டு. உடல் உறுதியாக இருந்தது, பறப்பவர்களின் திறமையும் குறைவற்று இருந்தது. எஞ்சின் மட்டுமே வாய்க்கவில்லை. அதன் மூக்கருகே நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்பவர்கள், பின்பக்கம் சென்று, அடுத்தடுத்து இருக்கும் அந்த இரண்டு வாய்களையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம். இந்த விமானத்தின் கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

திரும்பும்போது எங்கள் ஆட்டோ சுரஞ்சன் தாஸ் சாலை வழியாகச் சென்றது. அந்த விமானியின் பெயர்தான் அது என்று சொன்னதும் அப்பா பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சாலையை ஒட்டிய சி.வி.ராமன் நகர்ப் பகுதியில்தான் காவேரி எஞ்சினை உருவாக்கிய ஆய்வகம் இருக்கிறது. தேஜஸ் என்ற இந்தியப் போர் விமானத்துக்காகத் தொடங்கப்பட்ட காவேரி உரிய நேரத்தில் முழுமை பெறாததால், 2001 ஜனவரியில் தேஜஸ் அமெரிக்க எஞ்சினோடுதான் முதன்முறையாகப் பறந்தது. 2008-இல் காவேரியைத் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரித்தும் விட்டார்கள்.

இதைச் சொன்னதும், "எது இடிக்குது?" என்று அப்பா கேட்டார்.

நான் அந்த ஒற்றை வரிசை டர்பைனை நினைவூட்டினேன். இன்றைய போர் விமான எஞ்சின்களில் அங்கே வீசும் வாயுவின் வெப்பம், பிளேடு செய்யப்பட்ட உலோகமே உருகும் அளவையும் தாண்டியது. பிளேடுக்குள் நுண்ணிய துளைகள் இட்டு, அவற்றின் வழியே காற்றை ஓடவிட்டுத்தான் அதைக் காக்கிறார்கள் என்றேன். துளை எப்படிப் போடுகிறார்கள் என்று உடனே கேட்டார். லேசரிலும் போடுவார்கள், மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஈ.டி.எம். மெஷினிலும் போடுவார்கள் என்றேன்.

"ஈ.டி.எம். நம்ம பீளமேட்டுலயே இருக்குதே கண்ணு. அப்போ மெஷின் இல்லைங்கறது இல்ல. அந்த உலோகத்தை வார்க்கற பக்குவந்தான் கிடைக்கல."

அவர் சொன்னது சரிதான். பிளேடு முழுவதும் ஒரே படிகமாக உறையும்படி வார்க்க வேண்டும். அந்த நுட்பம் மிகச் சில நாடுகளிடமே இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்புத் துறையின் உலோகவியல் ஆய்வகம், ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக அப்படிப்பட்ட பிளேடுகளைச் செய்து, 2021-இல் 60 பிளேடுகளை எச்.ஏ.எல்.-க்கு வழங்கியதைச் சொன்னேன். ரயில் நிலையம் வந்து சேரும்வரை, அச்சு எதில் செய்வார்கள், எவ்வளவு நேரம் ஆறவிடுவார்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.