ஸ்கொயர் ரூட் இல்லாத லேப்டாப்

மூணு நாள் போச்சு. கடல் ஏத்தம் வத்தம் கணக்குப் போடுற பழைய சி புரோகிராம் ஒண்ணு. மண்டபத்துல மாமாவோட நாட்டுப்படகுக்கு உதவுமேன்னு என் லினக்ஸ் லேப்டாப்ல கம்பைல் பண்ண, அதாவது ஓடுற வடிவத்துக்கு மாத்த, உட்கார்ந்தேன். அதுக்கு வேண்டியதெல்லாம் இருக்கான்னு முதல்ல சோதிக்கிற கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், கம்பைலருக்கு யெஸ், ஹெடருக்கெல்லாம் யெஸ்னு வந்துட்டு, கணித லைப்ரரியில ஸ்கொயர் ரூட்டைத் தேடினதும் 'நோ'ன்னு நின்னுருச்சு.

ஸ்கொயர் ரூட் இல்லாத லினக்ஸ் எங்கய்யா இருக்கு?

கம்பைலர் கருவித் தொகுப்பான பில்ட் எசென்ஷியலை ரெண்டு தடவை தூக்கிட்டுத் திரும்பப் போட்டேன். அன்னைக்கு போன் டேட்டா காலி. மறுநாள் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் மூடியைத் திறந்து தூசி தட்டி 300 ரூபா வாங்கிட்டு, "விண்டோஸ் போட்டுத் தரவா தம்பி?"ங்கிறார்.

கான்ஃபிகர் தன் சோதனையையெல்லாம் எழுதி வைக்கிற கான்ஃபிக் லாக் ஃபைலைப் பார்க்காம இல்லை. கடைசியை மட்டுமே பார்த்தேன், அதான் தப்பு. கடைசியில வெறும் வேரியபிள் பட்டியல்தான் இருக்கும். 'நோ' வந்த வரியை அப்படியே தேடி அங்க போங்க. ஓடின கம்பைலர் கட்டளை, வந்த எரர், தோத்துப்போன குட்டி புரோகிராம் மூணும் அங்கேயே கிடக்கும்.

எனக்குக் கிடைச்சது: அந்தக் குட்டி புரோகிராம் ஸ்கொயர் ரூட்டை 'சார்' (char, எழுத்து) டைப்னு அறிவிச்சிருக்கு! லைப்ரரியோட லிங்க் ஆகுதான்னு, அதாவது இணையுதான்னு, மட்டும் பார்க்கிறதால ஸ்கிரிப்ட் வேணும்னே போடுற பொய் அது. கம்பைலரான ஜிசிசி ஒரு வார்னிங் முனகிட்டு விட்டுரும். என் கட்டளையில மட்டும் 'மைனஸ் டபிள்யூ எரர்' (-Werror) ஒட்டிக்கிட்டு இருந்துச்சு; வார்னிங் எல்லாம் எரர் ஆயிருச்சு. யார் வச்சது? நானேதான். காலேஜ் பிராஜெக்டுக்காக எப்பவோ டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடுற பேஷ் ஆர்சி ஃபைல்ல, கம்பைலர் ஆப்ஷன்களை வைக்கிற சி-ஃபிளாக்ஸ்ல எழுதி மறந்தது. அந்த ஆப்ஷன் வேணும்னா அப்புறம் நிஜமா கம்பைல் பண்ற மேக் கட்டளையை ஓட்டும்போது குடுங்க, கான்ஃபிகருக்குக் காட்டாதீங்க.

வரியை அழிச்சுப் புது டெர்மினல் திறந்தா, "போன தடவை சி-ஃபிளாக்ஸ் இருந்துச்சே, இப்ப காணோமே"ன்னு மறுபடி நிக்குது. நான் போன தடவை விடைகளைச் சேமிச்சு வைக்கிற கேஷ் ஆப்ஷனோட ஓட்டியிருந்தேன். கான்ஃபிக் கேஷ் ஃபைலை அழிச்சேன். யெஸ்!

சாயங்காலம் மாமா வழக்கம்போல, "ஆச்சா மாப்ள?"

"ஆச்சு மாமா. ஆனா பாம்பன் கடலுக்கான ஏத்தவத்த எண்களைத் தனியா குடுக்கணுமாம்."