சிமென்டை உரித்த பிறகுதான் சுவர் காய்ந்தது

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி திருநெல்வேலி சிந்துபூந்துறைக்குள் புகுந்தபோது, தாத்தா கட்டிய எங்கள் வீட்டுப் பட்டாசலில், அதாவது கூடத்தில், இடுப்பளவு தண்ணீர். வெள்ளம் சீக்கிரமே வடிந்துவிட்டது; சுவரோ சித்திரை வெயிலிலும் காயவில்லை. இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள் என்றே பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அண்ணனுக்கும் எனக்கும் மனம் வரவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாசகசாலையாக்கலாம் என்று முடிவு செய்தோம்.

பழைய காரை வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் வந்து, விரல் கணுவால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். தரையிலிருந்து நாலடி வரை உள்ளே வெற்றாக இருப்பதுபோல் சத்தம் கேட்டது. உளியால் ஒரு சில்லைப் பெயர்த்ததும் உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. “அண்ணாச்சி, இது வெள்ளம் செய்த வேலை இல்லை” என்றார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் விட்டுவிடும். பிற்காலத்தில் யாரோ அழகுக்காகப் பூசிய சிமென்ட் அந்த வழியை அடைத்திருந்தது. ஈரத்தில் கரைந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதை நொறுக்கிவிட்டது.

பூச்சை முழுவதும் உரித்து, ஆடிக் காற்று ஓயும்வரை சுவரை அப்படியே விட்டுவைத்தோம். காசு தீர்ந்துவிட்டதா என்று தெருவில் போகிறவர்கள் அக்கறையாக விசாரித்தார்கள்.

பிறகு நொறுங்கிய கற்களை மாற்றிவிட்டுப் பூச்சு. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. வீடு ஆற்றங்கரையில் இருந்தும், மணல் அள்ளத் தடை என்பதால் கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்டைத்தான் சலித்துப் போட்டோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீரை ஊற்றி அரைத்தார்கள். வாடை மூக்கைத் துளைத்தது. சீனி கலக்காத கருப்பட்டி தேடியதுதான் பெரும்பாடு. சுவருக்கு என்றதும் கடைக்காரர் மட்டமானதைத் தள்ளிவிடப் பார்த்தார்!

மச்சு, தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செருகிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ். உத்திரங்கள் நடுவில் திடமாகவே இருந்தன. சுவருக்குள் புதைந்த நுனிகளைத்தான் ஈரமும் கரையானும் தின்றிருந்தன. முட்டுக் கொடுத்து, கெட்ட நுனிகளை அறுத்தெடுத்து, பழைய தேக்கையே ஒட்டுப் போட்டு, இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கினோம். சிலர் மொத்த உத்திரத்தையும் மாற்றச் சொன்னார்கள். இன்றைக்கு அந்த வைரம் பாய்ந்த மரத்துக்கு எங்கே போவது?

பொறியாளர் ஒன்றில் கறாராக இருந்தார்: மச்சில் மேஜை நாற்காலி போடலாம், புத்தக அலமாரி கூடாது. காகிதம் அவ்வளவு கனம். அதனால் அலமாரிகள் எல்லாம் கீழே பட்டாசலில், காற்றோட்டத்துக்காகச் சுவரைவிட்டு அரையடி தள்ளி நிற்கின்றன. ஈரம் வெளியேறும் வழி மறுபடி அடைபடாமல் இருக்க, சுவருக்கு எமல்ஷன் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளைதான் என்று பெயின்டரிடம் சொல்லிவிட்டேன். மின்சார வயரையும் சுவரைக் குடையாமல் வெளியிலேயே குழாயில் கொண்டுபோனோம். பார்க்க நன்றாக இல்லை என்று அண்ணன் இன்னும் முணுமுணுக்கிறார்.