காலியான கண்ணாடி நூல்

இணைய இணைப்பைச் சரிசெய்ய வந்த தம்பி, ஃபைபரை வெட்டியதும் முதலில் செய்த வேலை, கீழே விழுந்த துணுக்கைத் தேடி டேப்பில் ஒட்டி எடுத்ததுதான்.

"கால்ல ஏறினா கண்ணுக்கே தெரியாது சார்."

தலைமுடி அளவு கண்ணாடி. என் மூன்று நாள் பிழைப்பு அதில்தான் தொங்கிக் கிடந்தது.

கண்ணாடிக்குள் ஒளி கொஞ்சம் நிதானமாகத்தான் போகும். நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். காற்றில் விட்டால் 3 லட்சம்.

சரி, நடுவில் இருக்கும் கண்ணாடியையே எடுத்துவிட்டால்?

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் பிலிப் ரஸ்ஸல் குழு 1999-இல் அதைச் செய்து காட்டியது. ஆனால் அந்தக் காலத்து இழைகளில் ஒளி வழியிலேயே கசிந்து தீர்ந்துவிடும். அதே நாட்டின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் விடவில்லை. நடுவே வெறும் காற்று, சுற்றிலும் குழாய்க்குள் குழாயாக மெல்லிய கண்ணாடிச் சுவர்கள். வெளியேறப் பார்க்கும் ஒளியை அந்தச் சுவர்கள் உள்ளேயே திருப்பிவிடும்.

2025-இல் அவர்கள் காட்டிய ஒளி இழப்பு கிலோமீட்டருக்கு 0.091 டெசிபெல். அதாவது ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் குறையும்! திடக் கண்ணாடி இழை இத்தனை வருடங்களாக 0.14-ஐ ஒட்டியே நிற்கிறது.

தம்பியிடம் இதைச் சொன்னேன். ஃபைபர் நுனிகளைச் சூட்டில் உருக்கி ஒட்டும் மெஷினை மூடிக்கொண்டே கேட்டார்:

"உள்ள காலியா இருந்தா எப்படி சார் ஒட்டுறது? சூட்டுல உருகி மூடிக்காதா?"

ஆய்வகங்களில் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. அவரோ டேப்பை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.