சம்பளம் அவள் பெயரில், மெசேஜ் யார் செல்லுக்கு?

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பர்சனல் டிபார்ட்மெண்டில் வேலை பார்க்கிறேன். பள்ளிகொண்டா, மாதனூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று நாலா பக்கமும் இருந்து கம்பெனி பஸ் வந்து நின்றால் இறங்குகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். (2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் எங்களுக்கு வாயில் வேலூர் மாவட்டம் என்றுதான் வரும். பெரியவர்களுக்கு இன்னும் வட ஆற்காடு.)

பெண் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று மேடையில் பேசுகிறார்கள். சம்பள லிஸ்ட் போடுகிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்கள் எப்போது சும்மா இருந்தார்கள்? ஷூ கம்பெனி வருவதற்கு முன்னாடியே பாட்டிமார்கள் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக் குடும்பம் நடத்தியவர்கள்தானே. சம்பாத்தியம் எப்போதோ வந்தாயிற்று. அந்தக் காசை வைத்துக்கொள்ளவும் செலவழிக்கவும் அவளுக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது, வேலைக்குச் சேரும்போது நிரப்புகிற படிவத்தில் இருக்கும் செல் நம்பர் கட்டம்.

ஸ்டிச்சிங் லைனில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஒரு அக்கா, மகளின் நர்சிங் ஃபீஸுக்காக பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அட்வான்ஸ் கேட்டு வந்தார். ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறதோ அதற்குத்தான் ஓ.டி.பி. போகும். "நம்பர் சொல்லுங்கக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "மேடம், அது வூட்டுக்காரரு நம்பரு. என்கிட்டயும் போனு கீது, ஆனா எல்லாத்துலயும் அவரு நம்பரத்தான் குட்த்து கீறோம்" என்றார். சரி, அவரிடம் கேட்டு வாங்கிச் சொல்லுங்கள் என்றால், "கேட்டா எவ்ளோ கீதுன்னு தெரிஞ்சிடுமே" என்கிறார். ஃபீஸுக்குத் தேவைப்பட்டது கொஞ்சம்தான். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கு உடனே ஒரு ஷேர் ஆட்டோவோ கொழுந்தனார் கல்யாணமோ முளைத்துவிடும். இது அந்த அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்கு சாயங்காலமே எங்கள் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். பெண்களுக்கு எதிரே இருந்த நம்பர்களில் ஏகப்பட்டது கணவருடையது, அப்பாவுடையது, அண்ணனுடையது. ஆண்கள் லிஸ்ட்டில் மனைவி நம்பர் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

முன்பு சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுப்போம். பஸ் ஏறுவதற்குள் அந்தக் கவர் கொஞ்சம் இளைத்துவிடும். நூறோ இருநூறோ முந்தானை முடிச்சிலும் டிபன் பாக்ஸ் மூடியிலும் பதுங்கிவிடும், சிறுவாடு. வீட்டில் "பிடித்தம் போக இவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். தொழிலாளியிடம் எழுதி வாங்காமலேயே சம்பளத்தை நேராக வங்கியில் போடலாம் என்று அந்த டிசம்பரிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். வங்கியில் போடுவதைக் குறை சொல்ல மாட்டேன். வெறும் வவுச்சரில் கைநாட்டு வாங்குகிற வேலை ஒழிந்தது, சம்பளம் குறைந்தால் கையில் ஆதாரம் இருக்கிறது, லோன் கிடைக்கிறது. ஆனால் பைசா சுத்தமாக எவ்வளவு வந்தது என்ற மெசேஜ் அந்த நிமிஷமே கணவர் செல்லுக்குப் போய்விடுகிறது. 7ஆம் தேதி சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஏ.டி.எம். வாசலில் நின்று பாருங்கள், வரிசையில் பாதிப் பேர் ஆண்கள், கையில் இருப்பது பெண்டாட்டி கார்டு. அவள் அப்போதுதான் லைனில் கடைசி ஜோடி அப்பருக்கு (ஷூவின் மேல்பாகம்) நூல் கத்தரித்துக்கொண்டிருப்பாள்.

இப்படிப் பார்த்தால் பி.எஃப். ஒன்றுதான் எங்கள் பெண்களுக்குச் சட்டென்று யாரும் கை வைக்க முடியாத காசு. 2016இல் பி.எஃப். எடுக்கிற விதியை அரசு இறுக்கியதும், அந்த ஏப்ரலில் பெங்களூரு கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தார்கள், அரசு அந்த விதியை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. "எப்பவோ வரப்போற காசுக்கு இப்ப என்ன இவ்வளவு ஆத்திரம்" என்று எங்கள் ஆபீஸில் ஒரு சார் கேட்டார். அவர் வீட்டில் அவர் கார்டு அவரிடமே இருக்கிறது, அவருக்கு எப்படிப் புரியும்.

சரி, நம்பரை மாற்றிவிடலாம் என்று பார்த்தால், ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது, அதற்கு ஒரு நாள் லீவு, லீவு போட்டால் வருகைக்குத் தருகிற போனஸ் போச்சு. நல்ல வேளையாக 2021இலிருந்து தபால்காரரே கருவியோடு வந்து ஆதாரில் செல் நம்பரை மாற்றிக் கொடுக்கிறார். அவரைப் பிடித்து கேண்டீனில் ஒரு முகாம் போட்டோம். நிர்வாகம் முதலில் தயங்கியது. "குடும்பப் பிரச்சினை நமக்கு எதுக்கும்மா" என்றார்கள். வருமான வரிக்கும் பி.எஃப். கணக்குக்கும் சரியான நம்பர் வேண்டும் என்று சுற்றி வளைத்துச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்கள். பெண்ணுரிமை என்று கேட்டிருந்தால் இன்னும் ஃபைல் மேஜையிலேயே கிடந்திருக்கும்.

முகாமில் நாங்கள் யோசிக்காத ஒரு சிக்கல், கைரேகை. சொல்யூஷன் (ஷூ ஒட்டுகிற பசை) தடவுகிற டேபிளில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்கு விரல் நுனி பளபளவென்று வழுக்கையாகிவிட்டது, ரேகையே இல்லை. கருவி 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. தபால்காரர் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்க்கச் சொன்னார், பெருவிரல் போய் சுண்டுவிரல் வரைக்கும் வந்தாயிற்று. ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, "என் வெரலு ஏற்கெனவே ஷூ போட்டுக்கினு வெளிநாடு போய்டுச்சி சார்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவருக்குக் கடைசி வரை விழவே இல்லை.

அன்றைக்கு மாற்றியவர்கள் நிறையப் பேர். மாற்றாமல் ஒதுங்கிப் போனவர்களும் உண்டு. ஒரு பெண் மாற்றிவிட்டு அடுத்த வாரமே வந்து, "பழைய நம்பரையே போட்டுடுங்க மேடம், வூட்ல தெனம் சண்ட" என்றாள். கன்னத்தில் என்னவோ தடித்திருந்தது, கேட்டதற்குக் கதவு இடித்துவிட்டது என்றாள். அவளுக்குத் தைரியம் இல்லை என்று பேசுவது சுலபம். சண்டையை அவள் அல்லவா ராத்திரி முழுக்கத் தாங்க வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன். பேப்பரில் வேண்டாம் என்று சொல்லி, கையில் எழுதிக்கொண்டு போனாள்.

இன்னொன்றும் லீவு லெட்டரில் அடிக்கடி பார்க்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'ரிஜிஸ்டர் ஆபீஸ்' என்று இருக்கும். எதற்கு என்று கேட்டால், சொத்தில் தன் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது, நாடு முழுக்க வர 2005 ஆயிற்று. கையெழுத்துப் போட்டு வந்த பெண்ணிடம் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். "ஒரு பொடவ எடுத்தாங்க, ஓட்டல்ல பிரியாணி வாங்கித் தந்தாங்க" என்றாள், அதுவும் சந்தோஷமாக. போகாவிட்டால் அம்மா வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயம். ஒரு நாள் சம்பளமும் அவளுக்குத்தான் பிடித்தம்.

இத்தனைக்கும் இது 1918லேயே பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கிய மண். வேலூரில் ஐடா ஸ்கடர் ஆரம்பித்த அந்தப் பள்ளிதான் பின்னால் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆனது, அதில் ஆண் மாணவர்கள் சேர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே டாக்டராகிப் போன பெண்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் கூட ஆகாத தூரத்தில், தன் சம்பள மெசேஜைப் பார்க்க ஒருத்தி கணவர் சட்டைப் பையைத் தேட வேண்டியிருக்கிறது.

மகளிர் தினம் வந்தால் நாங்களும் ரோஜாப்பூ கொடுக்கிறோம், கோலப்போட்டி வைக்கிறோம், ஜெயித்தவருக்கு குக்கர் தருகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த அரை மணி நேரம் மெஷின் சத்தம் இல்லாமல் உட்காருவதே அவர்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் என்னைக் கேட்டால், என்னைப் போல ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு படிவத்தைத் திருத்தலாம். 'தந்தை / கணவர் செல் நம்பர்' என்று இருந்ததை எடுத்துவிட்டு இப்போது 'உங்கள் சொந்த நம்பர்' என்று ஒன்று, 'அவசரத்துக்கு அழைக்க' என்று ஒன்று, இரண்டு கட்டம் வைத்திருக்கிறோம். வங்கிக் கணக்கும் முதல் நம்பரில்தான் திறக்க வேண்டும் என்று பேங்க் ஆளிடமும் சொல்லியாகிவிட்டது.

போன வாரம் குடியாத்தத்தில் இருந்து புதிதாகச் சேர வந்த ஒரு பெண், பிளஸ் டூ முடித்தவள், பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து வந்து கேட்டாள்: "மேடம், ரெண்டு கட்டத்துலயும் எங்க அண்ணன் நம்பரே போட்லாமா?"