மெல்தெமி அடங்கும் வரை

ஆகஸ்ட் 6
கிரேக்கத் தீவான நாக்சோஸுக்கு வந்துவிட்டோம். கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பும்போதே போர்த்தாரா தெரிந்தது. கோயில் இல்லை, வாசல் மட்டும். அக்கா அதைப் பார்க்கவில்லை, ஃபோனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 7
மெல்தெமி என்கிற கோடைகால வடக்குக் காற்று. ராத்திரி முழுக்க ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. ஃபோன் வரவில்லை.

ஆகஸ்ட் 8
வடக்குக் கோடியில் அப்பொல்லோனாஸ். பஸ் வளைவுகளில் வயிறு கலங்கிவிட்டது. ஊருக்கு மேலே பழைய கல்குவாரியில் குரோஸ் என்கிற ஆண் சிலை மல்லாந்து கிடக்கிறது: பத்து மீட்டருக்கு மேல் நீளம், கி.மு. 6ஆம் நூற்றாண்டு. தாடி தெரிவதால் மதுக்கடவுள் தியோனிசஸ் என்கிறார்கள். கண், மூக்கெல்லாம் இன்னும் கல்லுக்குள்ளேயே. விரிசல் விட்டதால் செதுக்குவதை நிறுத்தியிருப்பார்களாம். தலையிலிருந்து கால்வரை நடந்து பார்த்தேன். எந்த விரிசல்? முதலில் யார் கண்ணில் பட்டிருக்கும்? பார்த்தவன் உடனே சொல்லியிருப்பானா, இல்லை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளியிருப்பானா? தள்ளித்தான் இருப்பான். எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள். “அவன் நிம்மதியாத் தூங்குறாண்டி, விடு” என்றாள் அக்கா.

ஆகஸ்ட் 9
அபெய்ராந்தோஸில் சந்துகளுக்கெல்லாம் சலவைக்கல்தான் தரை. செருப்பு வழுக்கியது. ஹால்கியில் 1896 முதல் கித்ரோன் காய்ச்சும் இடம், நார்த்தை இனத்து மரம் ஒன்றின் இலையில் எடுக்கிற மது. பச்சை இனிப்பு, மஞ்சள்தான் கடுமை. அக்கா மஞ்சளைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். நான் வாயே திறக்கவில்லை.

ஆகஸ்ட் 10
காற்றினால் கப்பல்களுக்குத் தடை. வானத்தில் ஒரு மேகம் கிடையாது, வெயில் பளீரென்று அடிக்கிறது. இதற்கா கப்பலை நிறுத்தினார்கள் என்று கோபத்தோடு பிளாகா கடற்கரைக்குப் போனோம். மணல் பறந்து கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தியது. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 11
போர்த்தாராவுக்குப் போகும் கல்பாதை மேல் அலை ஏறி வந்தது. பாவாடை முட்டிவரை நனைந்தது. கி.மு. 530 வாக்கில் நாக்சோஸை ஆண்ட லிக்தாமிஸ் தொடங்கிய கோயில். அவன் ஆட்சி கவிழ்ந்ததும் வேலை நின்றது. 1207க்குப் பிறகு வந்த வெனிசியர்கள் மற்ற கற்களை மேலே கோட்டைக்கு அள்ளிப்போனார்கள். அந்தி வெயிலுக்கு ஒரே கூட்டம், வாசலுக்குள் நின்று படம் எடுக்க வரிசை. எனக்கு என்னவோ எரிச்சல். அக்காவும் வரிசையில் நின்றாள். எடுத்துக் கொடுத்தேன், நன்றாகத்தான் வந்திருக்கிறது. அப்போது ஃபோன் அடித்தது. வீட்டுக்காரம்மா, சாவி எங்கே வைப்பது என்று கேட்க.

ஆகஸ்ட் 12
காற்று இறங்கிவிட்டது. மதியம் கப்பல் உண்டு. அதற்குள் சாங்ரியில் தானியக் கடவுள் தெமெதரின் கோயிலைப் பார்த்தே ஆகவேண்டுமாம் அக்காவுக்கு. டாக்ஸிக்காரர் கேட்ட காசு அநியாயம். போகிறோம்.