ஒன்பதாம் தேதிக்காரர்கள்

நாகசாகி ரயில் நிலைய வாசல், டிசம்பர் மாதத்து ஞாயிறு மதியம். பெட்டியை உருட்டிக்கொண்டு விடுதியைத் தேடிக் கிளம்பிய என்னை ஒரு குனிந்த தலை வழிமறித்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண். கையில் அட்டை, அட்டையில் கிளிப் போட்ட தாள், தாளின் முனையில் நூலால் கட்டிய பேனா. அவளுக்குப் பின்னால் அதே உயரத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று, போகிற வருகிறவர்களிடம் "ஒனெகாய்ஷிமாஸ்" என்று ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'தயவுசெய்து' என்பதுபோல ஒரு வார்த்தை. பத்துப் பேரில் ஒன்பது பேர் தரையைப் பார்த்தபடி வேகமாகக் கடந்தார்கள். நின்றவன் நான்தான். சுற்றுலாப் பயணிக்கு எந்த அவசரமும் இல்லை என்பது ஒரு காரணம். அந்தக் குனிந்த தலை நிமிர்வதாகத் தெரியவில்லை என்பது இன்னொன்று.

அணு ஆயுதங்களை ஒழிக்கக் கோரும் கையெழுத்து இயக்கம் அது. பெயரை எழுதிவிட்டு, முகவரிக் கட்டத்தில் 'இந்தியா' என்று மட்டும் எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள். "இந்தோ!" என்று கூவிவிட்டு, ஓரமாக நின்ற பெரியவர் ஒருவரைக் கையாட்டி அழைத்தாள். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாராம். தெளிவாக, மெதுவாக, நம்மைத் தேர்வுக்குத் தயார்செய்வதுபோலப் பேசினார்.

"1998 மே மாதம் உங்கள் நாட்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா?"

பொக்ரான் அணுகுண்டுச் சோதனை. இருக்காதா பின்னே? செய்தி வந்த அன்று வகுப்பில் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே தட்டினேன் என்று நினைக்கிறேன். அதே மாதக் கடைசியில் பாகிஸ்தானும் வெடித்தது. அந்த இரண்டு சோதனைகளையும் கேட்டு அதிர்ந்துபோய்த்தான் நாகசாகியில் அந்த வருடமே உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அமைதித் தூதர்களாக ஐ.நா.வுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 2001-இல் மாணவர்களே கையெழுத்து வாங்கத் தெருவில் இறங்கினார்கள். முதல் இலக்கு பத்தாயிரம் கையெழுத்து, பெயரே அதுதான். இப்போது மொத்தம் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் ஜெனீவாவில் உள்ள ஐ.நா. அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

ஆக, அந்தப் பெண் பிறப்பதற்குப் பல வருடங்கள் முன்பு நான் தட்டிய கைதட்டலின் மறுமுனையில் அவள் அட்டையோடு நின்றுகொண்டிருக்கிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல் "ஸாரி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள்.

அவர்களுடைய முழக்கம் ஒன்றைப் பெரியவர் பெயர்த்துச் சொன்னார். ஜப்பானிய மொழியில் அது ஓசை நயமுள்ள வாக்கியம். 'பிர்யோகு' என்றால் சின்ன பலம், 'முர்யோகு' என்றால் பலமே இல்லாமை. நாங்கள் பிர்யோகுதான், முர்யோகு இல்லை என்கிறார்கள். தமிழில் அந்த எதுகை வரவில்லை; விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "எப்போது ஊருக்கு?" நாளை இரவு பஸ் என்றேன். "செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் தேதி. காலையில் அமைதிப் பூங்காவுக்கு வந்தால் வேறு மாதிரி ஆட்களைப் பார்க்கலாம்." டிக்கெட் காசு திரும்பி வராது என்று தெரிந்தும் அன்று இரவே அதை ரத்து செய்தேன்.

திங்கட்கிழமை முழுக்க நடை. அதற்கு முன், மூன்று நாள் முந்திய ஹிரோஷிமாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. அங்கே நினைவு வளைவின் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நிம்மதியாக உறங்குங்கள், தவறு மீண்டும் நேராது என்பது அதன் பொருள். 'நேராது' என்று நான் எழுதுவதே கொஞ்சம் ஏமாற்று. ஜப்பானிய மூலத்தில் 'செய்யமாட்டோம்' என்ற தொனி இருக்கிறது, ஆனால் எழுவாய் இல்லை. யார் செய்யமாட்டார்கள்? குண்டு போட்டவனா, போர் தொடங்கியவனா? தமிழில் இந்தத் தந்திரம் பலிக்காது. வினைமுற்றின் வால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். உலகப்போர் முடிந்தபின் ஜப்பானியத் தலைவர்கள்மீது நடந்த டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் நீதிபதியாக இருந்த நம்மூர் ராதா பினோத் பால் 1952-இல் ஹிரோஷிமாவுக்கு வந்து இதைப் பார்த்துக் கோபப்பட்டார். குண்டு போட்டது ஜப்பானியக் கை இல்லையே, பிறகு ஏன் ஜப்பானியர் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்றார். மனிதகுலம் முழுவதுமே அந்தச் சொல்லாத எழுவாய் என்று நகரம் விளக்கம் சொல்கிறது. எனக்குப் பாலின் கோபமும் புரிகிறது, நகரத்தின் விளக்கமும் பிடித்திருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நாகசாகி வந்தேன்.

நாகசாகியின் மேல் விழுந்தது வேறு ஊருக்கென்று கிளம்பிய குண்டு. 1945 ஆகஸ்ட் 9 காலை இலக்கு கொக்குரா. அங்கே வானம் தெளிவாக இல்லாததால் விமானம் திரும்பி இங்கே வந்தது. 11:02 மணிக்கு, தரைக்குச் சுமார் 500 மீட்டர் உயரத்தில், உரகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. அந்த வருட முடிவுக்குள் ஏறக்குறைய 74,000 பேர் இறந்தார்கள். உரகாமி, கிறித்தவம் தடைசெய்யப்பட்ட காலத்தில் ஒளிந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களின் பரம்பரை ஊர். தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும், சொல்ல வந்தவர்களும் ஒன்றாகப் போனார்கள்.

குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே இன்று ஒரு கறுப்புக் கல் தூண் நிற்கிறது. அதை எல்லோரும் படமெடுக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது அதன் பக்கத்தில் சிற்றாற்றை நோக்கி இறங்கும் படிகளில். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் 1945-இன் மண்ணை அப்படியே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஓட்டுத் துண்டுகள், செங்கல், உருகிச் சுருண்ட கண்ணாடி. முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தபோது, விளிம்பில் நீலக்கோடு போட்ட ஒரு பீங்கான் சில்லு தெரிந்தது. சோற்றுக் கிண்ணமாக இருந்திருக்கும். இதைத் தாண்டி எந்த அருங்காட்சியகமும் எனக்குத் தேவைப்படவில்லை. அதனால் அருங்காட்சியகத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அந்தத் தூண் நிற்கும் பூங்காவிலேயே, தேடினால் மட்டும் கண்ணில்படும் இன்னொரு சின்ன நினைவுக்கல் உண்டு. கட்டாய வேலைக்காகக் கொண்டுவரப்பட்டுக் குண்டில் இறந்த கொரியர்களுக்கானது. அரசு வைக்கவில்லை, அவர்களின் உரிமைக்காகப் போராடிய உள்ளூர்க்காரர்கள் 1979-இல் வைத்தது. ஆகஸ்ட் 9 அதிகாலையில், பெரிய விழாவுக்கு நாற்காலி போடும் நேரத்தில், இங்கே தனியாக ஒரு கூட்டம் நடக்கும். கல்லின் முன்னே யாரோ மூடி திறந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்திருந்தார்கள். இந்த ஊரில் பூவைவிடத் தண்ணீர் முக்கியமான படையல். அன்று எல்லோரும் கேட்டது அதைத்தான்.

சிரோயாமா தொடக்கப்பள்ளிக்கும் போனேன். குண்டு வெடித்த மையத்திலிருந்து 500 மீட்டர். அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 1,400 பேர், பெரும்பாலும் அவரவர் வீட்டில் இருந்தபடியே, இறந்திருப்பார்கள் என்று கணக்கு. பள்ளிக் கட்டடத்தில் வேலைசெய்ய வந்திருந்த கயோகோ என்ற மாணவியும் இறந்தாள். வயது 15. அவளுடைய அம்மா பிறகு பள்ளி வளாகத்தில் செர்ரி கன்றுகளை நட்டார். அவற்றின் வாரிசுக் கன்றுகள் இப்போது ஜப்பானில் பல ஊர்களில் 'கயோகோ செர்ரி' என்ற பெயரில் வளர்கின்றன. டிசம்பரில் வெறும் கொம்புகள். பூத்திருந்தால் நானும் படமெடுத்துப் போட்டிருப்பேன், நீங்களும் இதயம் அழுத்தியிருப்பீர்கள். இந்தப் பள்ளியில் மாதந்தோறும் ஒன்பதாம் தேதி பிள்ளைகள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். வாத்தியார் சொன்ன 'ஒன்பதாம் தேதி'க்கு அப்போதுதான் அர்த்தம் பிடிபடத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ட்ராமை விட்டு இறங்கி, எஸ்கலேட்டரில் ஏறினால் அமைதிப் பூங்கா. ஏறியதும் கால்களுக்குக் கீழே தாழ்ந்த சுவர் அடித்தளங்கள் தெரியும். பழைய சிறைச்சாலை. கைதிகள், காவலர்கள், காவலர் குடும்பங்கள் என்று 134 பேரும் அன்று இறந்தார்கள், ஒருவர் மிச்சமில்லை. கடைசியில் அந்தப் புகழ்பெற்ற சிலை: 9.7 மீட்டர் உயரம், அணுகுண்டின் அச்சுறுத்தலைக் காட்ட மேலே உயர்ந்த வலக்கை, நீட்டிய இடக்கை, மூடிய கண்கள். எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை தசை எதற்கு என்று தோன்றியது.

சிலையின் காலடியில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அறுபதும் எழுபதுமாக வயது. சிலர் மடிப்பு நாற்காலியோடு, பெரும்பாலோர் சின்ன பஞ்சுத் திண்டோடு. துணிப் பதாகையை விரித்தார்கள். காற்று அதைத் திரும்பத் திரும்ப மடக்கியது, ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்தார். அவ்வளவுதான் ஏற்பாடு. 'சுவாரிகோமி' என்கிறார்கள், உட்கார்ந்து எதிர்ப்பது. நம் உள்ளிருப்புப் போராட்டம் மாதிரி, உள்ளே இருக்க இடம்தான் இல்லை. அணுசக்தியில் ஓடிய முட்சு என்ற கப்பலைப் பக்கத்து சசெபோ துறைமுகத்துக்குப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தபோது எழுந்த எதிர்ப்பில் 1979-இல் தொடங்கியது. கப்பல் போய்விட்டது, இவர்கள் எழுந்து போகவில்லை. ஆகஸ்ட் தவிர ஒவ்வொரு மாதமும் ஒன்பதாம் தேதி வந்து உட்காருகிறார்கள். ஆகஸ்டில் பிரதமரும் தூதர்களும் கேமராக்களும் வருவதால் அந்த மாதம் இவர்களுக்கு விடுமுறை என்றார் வாத்தியார். அவரும் வந்திருந்தார். நகைச்சுவையாகத்தான் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்த அம்மா என் வெறும் தரையைப் பார்த்தார், தன் திண்டைப் பார்த்தார், பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து நான்காக மடித்து நீட்டினார். பிறகு கோட்டுப் பையிலிருந்து 'கைரோ' ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, குலுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். உள்ளே இரும்புத் தூள். காற்றுப் பட்டால் சூடாகும். குலுக்கினேன். ஒரு நிமிடத்தில் கை சுட்டது.

முன்பு அவருடைய அம்மா வந்துகொண்டிருந்தாராம். அம்மா ஹிபாகுஷா, குண்டுக்குத் தப்பியவர். அம்மா போனபின் இவர் வருகிறார். உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இப்படி இரண்டாம் தலைமுறை. தப்பியவர்களின் எண்ணிக்கை 2025-இல் முதல்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. சராசரி வயது 86. இதே ஊரில் 1956 ஆகஸ்ட் 10 அன்று அவர்கள் கூடி அமைத்த நிஹோன் ஹிடான்க்யோ என்ற சங்கத்துக்கு 2024-இல் அமைதிக்கான நோபல் பரிசு வந்தது. முதுகு முழுக்க வெந்து, ஒன்றே முக்கால் வருடம் குப்புறவே படுத்துக் கிடந்த தபால்காரச் சிறுவன் சுமிதேரு தனிகுச்சி அந்தச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவராக வளர்ந்து 2017 ஆகஸ்டில் காலமானார். அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை 122 நாடுகள் நிறைவேற்றியதை மட்டும் அதற்கு முந்தைய மாதம் பார்த்துவிட்டார். ஜப்பான் அந்தப் பேச்சுவார்த்தையில் கலந்துகொள்ளவில்லை. காலியாக இருந்த அதன் இருக்கையில் யாரோ ஒரு காகிதக் கொக்கை வைத்தார்கள். இந்தியாவும் போகவில்லை, நம் இருக்கையில் கொக்கு வைக்க ஆள் இருந்ததா என்று அங்கே உட்கார்ந்தபடி யோசித்தேன்.

ஒலிபெருக்கியில் ஒருவர் பேசினார். நீளமான பேச்சு, வாத்தியாரே கொட்டாவியை மறைத்தார். பிறகு மணி 11:02. எல்லோரும் எழுந்து தலைகுனிந்தார்கள். பின்னால் கொடியைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு சுற்றுலாக் குழு, வழிகாட்டி கையைக் காட்டியதும் நடுவழியில் நின்றது. பதாகை மட்டும் படபடத்தது. ஒரு நிமிடம் என்பது இவ்வளவு நீளம் என்பதை நான் மறந்திருந்தேன். 1998-இல் நாங்கள் கைதட்டியது எத்தனை நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதைவிட அதிகம்தான்.

முடிந்ததும் இரண்டு நிமிடத்தில் இடம் காலி. திண்டுகள் பைக்குள் போயின, செருப்பு காலுக்குப் போனது. அந்த அம்மாவும் வாத்தியாரும் நானும் ட்ராம் நிறுத்தத்துக்கு நடந்தோம். நடுவில் உரகாமி பக்கத்திலிருந்து மணியோசை. குண்டில் நொறுங்கிய மணிக்குப் பதிலாக அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் காசு சேர்த்துச் செய்து அனுப்பிய மணி, 2025 ஆகஸ்ட் 9 அன்று, 80 வருடங்களுக்குப் பிறகு, தப்பிய பழைய மணியோடு சேர்ந்து ஒலித்திருக்கிறது. "பன்னிரண்டு ஆகிவிட்டது, சாப்பிட வேண்டும்" என்று மட்டும் சொன்னார் வாத்தியார்.

நிறுத்தத்தில் அந்த அம்மா கைப்பேசியை எடுத்து யாரிடமோ பேசினார். மிகப் பணிவான குரல், ஆனால் விட்டுக்கொடுக்காத குரல். கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு மூன்று தடவை குனிந்து வணங்கினார். ஏதாவது பிரச்சினையா என்று வாத்தியாரிடம் கேட்டேன்.

"பல் டாக்டர். ஜனவரியில் ஒன்பதாம் தேதி காலை வரச் சொல்லிவிட்டார்களாம். மாற்றித் தரச் சொல்கிறார்."

ட்ராம் வந்தது. அம்மா இன்னும் குனிந்துகொண்டே ஏறினார்.