இஞ்சிக்குக் கொதி வேண்டும், எலுமிச்சைக்கு ஆகாது: செய்து பார்த்த அனுபவம்

வயிறு மந்தமாக இருக்கும்போது இஞ்சியும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் இதமாக இருக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். எப்படிச் செய்வது என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இரண்டையும் போட்டுக் கொதிக்க வை என்பார் ஒருவர். கொதிக்கவே விடாதே என்பார் இன்னொருவர். தோலோடு போடு, தோலைச் சீவிவிட்டுப் போடு, வெறும் வயிற்றில் குடி, சாப்பிட்டபின் குடி என்று இதற்கு முடிவே இல்லை. ஒவ்வொன்றையும் செய்தே பார்த்துவிடுவோம் என்று சில மாதங்களாக இதில் இறங்கியிருக்கிறேன். இப்போது ஒரு பக்குவம் கைக்கு வந்திருக்கிறது.

பரவலாகச் சொல்லப்படும் முறையில்தான் ஆரம்பித்தேன். இஞ்சியைத் தட்டிப் போட்டு, எலுமிச்சையை வட்டமாக நறுக்கிப் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டேன். வீடு முழுக்க மணம், டம்ளரில் மணமே இல்லை. எலுமிச்சையின் வாசனை அதன் தோலில் இருக்கும் எண்ணெயில் இருக்கிறது. அது ஆவியோடு பறந்துவிடும். பழத்தோலின் உட்புறத்து வெள்ளைப் பகுதியும் விதையும் கொதிநீரில் கிடந்தால் கசப்பு இறங்கும். மிஞ்சியது காரமும் கசப்பும் கலந்த வெந்நீர். இஞ்சியும் எலுமிச்சையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது என்று அன்றே தோன்றிவிட்டது. அதன்பிறகு செய்ததெல்லாம் இரண்டையும் தனித்தனியாகப் பழகிக்கொண்டதுதான்.

இஞ்சியில் நேரம் போனதே தெரியவில்லை. அவ்வளவு இருக்கிறது அதில். பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். சூடு பட்டால் அதில் ஒரு பகுதி ஜிஞ்சரோன் ஆக மாறுகிறது. அதற்குக் காரம் குறைவு, லேசான இனிப்பு மணமும் உண்டு. இஞ்சியைக் காயவைத்தால் ஜிஞ்சரால் ஷோகால் ஆகிறது, அது ஜிஞ்சராலைவிடக் காரமானது. சுக்கு ஏன் நாக்கை அப்படிச் சுடுகிறது என்பதற்கு இதுதான் விடை. ஆக, இஞ்சியை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து டம்ளருக்குள் வருகிற பொருளே மாறுகிறது.

மூன்று நிமிடம் கொதித்த இஞ்சித் தண்ணீரில் பச்சை வாடை போகவில்லை. அரை மணி நேரம் கொதித்ததில் காரம் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது, மணம் கிட்டத்தட்ட காலி. மூடி போட்டு, தளதளவென்று பொங்கவிடாமல் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்ததுதான் எனக்குச் சரியாக வந்தது. மூடி முக்கியம். மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும் நீரை மோந்து பாருங்கள், அதில்தான் மணம் இருக்கும். மூடியைத் திறக்கும்போது அந்த நீரைப் பாத்திரத்துக்குள்ளேயே சரித்து விட்டுவிடுகிறேன்.

நறுக்குவதிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. இஞ்சியின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நீளவாக்கில் சீவினால் நார் நாராக வரும், சாறு உள்ளேயே நிற்கும். குறுக்காக மெல்லிய வில்லைகளாக வெட்டினால் ஒவ்வொரு நாரும் அறுபட்டுச் சாறு சீக்கிரம் இறங்கும். முற்றிய இஞ்சியில் நாரும் காரமும் அதிகம். இளம் இஞ்சியில் சாறு அதிகம், காரம் குறைவு. தோலை முழுதாகச் சீவ வேண்டுமா என்பதற்கு என் பதில், நன்றாகக் கழுவினால் போதும் என்பதுதான். ஆனால் கணுக்களின் இடுக்கில் மண் ஒளிந்திருக்கும், அந்த மண்வாடை பானத்தில் அப்படியே வரும். அங்கே மட்டும் கரண்டி விளிம்பால் சுரண்டிவிடுகிறேன். கத்தியைவிடக் கரண்டிதான் இதற்கு வாகு, சதை வீணாகாது.

கொதிக்க வைக்காமலும் செய்து பார்த்தேன். இஞ்சியைத் துருவி, துணியில் வைத்துப் பிழிந்து, சாற்றை ஒரு கண்ணாடி டம்ளரில் பத்து நிமிடம் அசையாமல் வைத்தேன். மேலே பொன்னிறத்தில் தெளிந்த சாறு, அடியில் வெள்ளையாக ஒரு படிவு. டம்ளரைச் சாய்த்தால் சாறு ஓடும், படிவு அசையாது. விரலால் தொட்டால் கெட்டியாக இருக்கும், தேய்த்தால் மாவாக உதிரும். மாவுச்சத்துதான் அது. அதைக் கலக்கிச் சூடாக்கினால் பானம் கூழாகி வழவழவென்று ஆகிவிடும். அதனால் சாறு எடுத்துச் செய்கிற நாளில் தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு படிவை விட்டுவிடுகிறேன்.

இந்தப் பச்சைச் சாற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இஞ்சியில் இருக்கிறது, பெயர் ஜிஞ்சிபெயின். நல்ல சூட்டில், கொதிக்காமல் இருக்கும் பாலில் பச்சை இஞ்சிச்சாறு விட்டால் சில நிமிடங்களில் பால் உறைந்துவிடும். கொதிக்க வைத்த இஞ்சித் தண்ணீரை விட்டால் அப்படி உறையாது, கொதியில் நொதி செயலிழந்துவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிண்ணம் வைத்து இதைச் செய்து பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். படித்தது கண்முன்னால் நடக்கிறது! ஆனாலும் தினசரிக்கு நான் கொதிக்க வைத்த இஞ்சிக்கே திரும்பினேன். பச்சைச் சாறு என் வயிற்றுக்குச் சற்று எரிச்சலாக இருக்கிறது.

எலுமிச்சைக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை. சூடு ஆறியபின் பிழிய வேண்டும், டம்ளரைக் கையில் வசதியாகப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆறினால் போதும். பழத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு வெட்டினால் சாறு தாராளமாக வரும். கடைசிச் சொட்டு வரை நசுக்கிப் பிழியக் கூடாது, கசப்பு வருவது அந்த இடத்தில்தான். மணம் வேண்டும் என்றால், மஞ்சள் தோலை மட்டும் விரல் நீளத்துக்கு மெல்லியதாகச் சீவி, அடுப்பை அணைத்தபின் இரண்டு நிமிடம் போட்டு எடுக்கலாம். முதல் முறையில் பறந்துபோன மணம் இப்படிச் செய்தால் டம்ளரிலேயே நிற்கிறது.

எலுமிச்சைதான் செரிக்க வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பிஎச் 2 முதல் 3 வரை. இரைப்பை தானே சுரக்கும் அமிலம் வெறும் வயிற்றில் 1 முதல் 2 வரை இருக்கும். இந்த அளவுகோலில் ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். ஏற்கெனவே அவ்வளவு அமிலம் இருக்கும் இடத்தில் இரண்டு டீஸ்பூன் எலுமிச்சை பெரிதாக எதையும் கூட்டிவிடாது. வைட்டமின் சி கணக்கும் அப்படித்தான். 100 மி.லி. சாற்றில் ஏறக்குறைய 40 மி.கி. என்றால், இரண்டு டீஸ்பூனில் 4 மி.கி.தான். எலுமிச்சையின் வேலை வேறு: நாவில் நீர் ஊற வைக்கிறது, இஞ்சியின் காரத்தை மட்டுப்படுத்துகிறது, குடிக்கத் தூண்டுகிறது. வயிறு கனமாக இருக்கும்போது எதையுமே வாயில் வைக்கப் பிடிக்காது. அப்போது இந்தப் புளிப்புதான் உள்ளே இறங்க வழி செய்கிறது. எனக்கு அது போதும்.

இஞ்சி வயிற்றில் என்ன செய்கிறது என்று ஓரளவு ஆராய்ந்திருக்கிறார்கள். 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உடல்நலத்தோடு இருந்த 24 பேருக்கு 1.2 கிராம் இஞ்சிப் பொடி கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து சூப் கொடுத்திருக்கிறார்கள். இரைப்பையில் பாதி காலியாக இஞ்சி இல்லாதபோது சராசரியாக 26.7 நிமிடம் ஆனது, இஞ்சி எடுத்தபோது 13.1 நிமிடம். 2011இல் அஜீரணத் தொல்லை உள்ள 11 பேரிடம் செய்தபோதும் இரைப்பை சீக்கிரம் காலியானது, ஆனால் அவர்களுடைய தொல்லைகளில் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. சின்ன ஆய்வுகள்தான், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மந்தத்துக்கு இஞ்சி உதவும் என்று நம்புகிறேன், எல்லா வயிற்றுக் கோளாறுக்கும் மருந்து என்று சொல்லமாட்டேன்.

அந்த 1.2 கிராமை என் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பச்சை இஞ்சியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். அதனால் அது சுமார் ஆறு கிராம் பச்சை இஞ்சிக்குச் சமம். ஆனால் ஜிஞ்சரால் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கணிசமான பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். அதனால் பத்து கிராம் போடுகிறேன், கட்டைவிரலின் மேல் கணு அளவு இருக்கும். வடிகட்டிய பிறகு இரண்டு வில்லையை எடுத்து மென்று தின்றும்விடுகிறேன்.

நேரமும் அளவும் பெரிய வித்தியாசத்தைக் காட்டின. வயிறு முட்டச் சாப்பிட்டபின் முழு டம்ளர் குடித்தால் உப்புசம் கூடத்தான் செய்தது. நிரம்பிய வயிற்றில் மேலும் கால் லிட்டர் போனால் வேறென்ன ஆகும்? இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு அரை டம்ளர், அதாவது 100 மி.லி. அளவு. சாப்பிட்டபின் கனமாக இருந்தால் நான்கைந்து வாய், மெதுவாக. ஏப்பம் விட்டு வயிறு லேசாவது அப்போதுதான் நன்றாகத் தெரிகிறது.

இப்போதைய என் பக்குவம்: 10 கிராம் இஞ்சி குறுக்கு வில்லைகளாக, 250 மி.லி. தண்ணீர், மூடி போட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம். அணைத்ததும் எலுமிச்சைத் தோல் ஒரு சீவல், இரண்டு நிமிடம். வடிகட்டி ஆறவிட்டு இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் தேன். உப்பைத் தவறவிடாதீர்கள், மிச்சமிருக்கும் கசப்பை அது அடக்கிவிடுகிறது. தேனை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது. பாத்திரம் எவர்சில்வர் அல்லது கண்ணாடி. அலுமினியமும் செம்பும் புளிப்புக்கு ஆகாது.

முழுதாகக் கலந்து மறுநாளுக்கு வைத்தால் நன்றாக இருப்பதில்லை. எலுமிச்சைச் சாறு கிடக்கக் கிடக்கக் கசக்கத் தொடங்கும், புதுமணமும் போய்விடும். அதனால் இஞ்சித் தண்ணீரை மட்டும் கெட்டியாகக் காய்ச்சி ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்திருக்கிறேன். வேண்டும்போது இரண்டு கட்டியை வெந்நீரில் போட்டு, எலுமிச்சையை அப்போதே பிழிந்தால் ஆயிற்று. இளம் இஞ்சியை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் மெல்ல இளஞ்சிவப்பாகிறது, இதையும் சொல்லியே ஆக வேண்டும். இளம் இஞ்சியில் இருக்கும் நிறமி அமிலம் பட்டதும் அப்படி மாறுகிறது. அவ்வளவு அழகு.

நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் உள்ளவர்களுக்கு எலுமிச்சை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இஞ்சியே சிலருக்கு எரிச்சல் தரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், பித்தப்பையில் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். விழுங்கச் சிரமம், கறுப்பாக மலம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது என்று இருந்தால் பானம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பல்லுக்கும் கவனம் வேண்டும். குடித்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிக்கலாம். பல் தேய்ப்பதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள், அமிலத்தில் இளகிய எனாமலை பிரஷ் தேய்த்து எடுத்துவிடும்.

அடுத்து சுக்கில் இறங்கியிருக்கிறேன். ஷோகால் கணக்கை மனதில் வைத்து ஒரு டம்ளருக்குக் கால் டீஸ்பூன் பொடிதான் போடுகிறேன், அதற்கே காரம் ஏறி நிற்கிறது. பொடி அடியில் தங்கிக் கடைசி வாய் கரகரவென்று வருகிறது. துணியில் வடித்தால் அது சரியாகிறது, ஆனால் காரமும் கொஞ்சம் துணியோடு போய்விடுகிறது. பொடிக்குப் பதில் சுக்கைத் துண்டாகத் தட்டி, பதினைந்து நிமிடம் காய்ச்சிப் பார்க்க எடுத்து வைத்திருக்கிறேன்.